அடுத்த மனை

கல்வெட்டில் ஜப்பானுக்கு ஒரு கால் குறைகிறது.
'நகோயா, ஜப்பன்' என்று வெட்டியிருக்கிறார்கள்.
காரிவிளை இசக்கியம்மன் கோயில் கட்டிட நிதி,
ரூபாய் ஒரு லட்சத்து ஓராயிரம்.
பதினாலு பெயர்களில் நான்தான் மேலே.
உள்ளே டைல்ஸ், வெளியே மஞ்சள் எமல்ஷன்,
அம்மனுக்கு எதிரே ஒரு டேபிள் ஃபேன்
இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டு.

போன மார்ச்சில் ஒரு ஞாயிறு,
ஓவர்டைம் கிடைக்காததால்
இசே என்ற ஊருக்கு ரயிலேறினேன்.
பாதியில் நிறுத்திய இசக்கி போல இருந்தது பெயர்.
அதுதான் காரணம், வேறு பக்தி ஒன்றுமில்லை.

கோயிலில் வேலிக்கு அப்பால் விடமாட்டார்கள்.
குளத்தோரம் இருந்த அருங்காட்சியகத்துக்குப் போனேன்.
கூரையின் ஒரு மூலையை மட்டும்
நிஜ உயரத்துக்குக் கட்டி நிறுத்தியிருந்தார்கள்.
புல் கூரை.
முழங்கை அளவுக்கு மேல் கனம்.
உளிக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. ஆணிக்கு ஒன்று.
அம்மனுக்கென்று நெய்த பட்டுக்கு ஒன்று,
அவள் உடுத்தி ஒருவரும் பார்க்கப் போவதில்லை.

இருபது வருடத்துக்கு ஒருமுறை
பக்கத்து மனையில் அதே கோயிலை மறுபடி கட்டி,
ராத்திரி, விளக்கணைத்து,
வெள்ளைத் துணி மறைப்புக்குள்
சாமியை வீடு மாற்றுகிறார்கள்.
பழைய மனை கூழாங்கல்லோடு சும்மா கிடக்கும்,
அடுத்த முறைக்காக.

கோயிலுக்கு வயது ஆயிரத்து முந்நூறு,
மரத்துக்குப் பன்னிரண்டு
என்றது காதில் மாட்டிய கருவி.
எங்கள் இசக்கி எந்தப் பங்குனியிலும்
ஒரு வயதைத் தாண்டியதே இல்லையே என்று
சிரித்துவிட்டேன்.
காவலுக்கு நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.
அன்றைக்கு ராத்திரியே ஊருக்கு ஃபோன் போட்டேன்.
தளம் போட்டு நான்கு நாளாகியிருந்தது.

இதையெல்லாம் தங்ககனியிடம் சொன்னேன்.
பெரியம்மை மகள்.
ஆடுகளுக்குக் கழனி கரைத்துக்கொண்டே கேட்டாள்.
"அங்க கூரையில இருந்து விழுந்தா ஆரு பாக்கது?"

அவள் புருஷன் லிங்கத்துரை,
மூன்றாம் வரிசை ஓலை கட்டும்போது வழுக்கி,
தேரி மணல்தானே என்று எல்லோரும் நினைக்க,
இடுப்பெலும்பு.
பாளையங்கோட்டையில் ஏழு வாரம்.
"வருசா வருசம் ஓலை போட நீ வருவியால?
துட்டு அனுப்புவ.
துட்டு ஏணியில ஏறுமா?"

பதில் தேடினேன்.
அங்கே எல்லாப் பெட்டியிலும் உளி இருந்தது,
இடுப்பு இல்லை.

கழற்றிய மரத்தை அவர்கள் எறிவதில்லை என்றேன்,
கொஞ்ச காலம் பாலத்து முன்னால் வாசலாக நிற்கும்,
அப்புறம் வேறு ஊர்க் கோயிலுக்குப் போகும்.
நம்ம விட்டம் என்ன ஆச்சு?

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு
டார்ச்சோடு முன்னால் நடந்தாள்.

ஆட்டுக்கொட்டில்.
பனங்கை ஏழு, குறுக்கே அந்த விட்டம்.
பிள்ளை கேட்டுக் கட்டிய தொட்டில்களின் கயிறு
தேய்த்த பள்ளங்கள்,
ஒவ்வொன்றிலும் பழைய மஞ்சள்.
கொடைக்கு நேர்ந்த கருங்கிடா
அதிலேயே கட்டிக் கிடந்தது.
மேலே ஓலை பச்சை வாடை மாறாமல்.

"இத நாந்தான் வருசத்துக்கு ஒருக்க மாத்துதேன்.
தாழ்வாத்தான இருக்கு. ஏணி வேண்டாம்."

அவளுக்கு அது ஒரு செய்தி இல்லை.
டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டுப் புழுக்கை அள்ளினாள்.

வெளிச்சம் பட்டதில் ஒரு வெள்ளாடு எழுந்து,
கொஞ்சம் யோசித்து,
பக்கத்து இடத்தில் போய்ப் படுத்தது.
அது விட்டுப்போன மணலில் கை வைத்தேன்.
காலியாக, வெதுவெதுவென்று.